கருங்கரையில் இரண்டு வெர்முண்ட்

எங்கள் குடாப் பக்கத்தில் ஒரே பெயரை இரண்டு பேர், ஏன், மூன்று பேர் வைத்திருந்தாலும் பெரிய சிக்கல் இல்லை. அதற்கு வழி இருக்கிறது. ஹால் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். தலைமுடியைப் பார்த்து ஒருவனைக் கறுப்பு ஹால் என்றோம். முடியே இல்லாதவனை வழுக்கை ஹால் என்றோம். கரை ஒதுங்கிய திமிங்கலத்தை வேறு யாரும் சொந்தம் கொண்டாடிவிடக் கூடாது என்று அதன் மேலேயே சாய்ந்து தூங்கி, பிறகு வெகுகாலம் பக்கத்தில் யாரும் உட்கார முடியாதபடி நாறியவனைத் திமிங்கல ஹால் என்றோம். மூவரும் ஒரே சபையில் நின்றாலும் குழப்பம் வராது.

சிக்கல் வருவது ஒரே வீட்டுக்குள்தான். அது ஏன் என்று புரிய, நாங்கள் பெயரை எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஒரு கோடரியை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு முறிந்தால் இரும்பை யாரும் தூக்கி எறிவதில்லை, புதுக் காம்பு செருகுகிறார்கள். ஆள்தான் காம்பு, பெயர்தான் இரும்பு. வீட்டில் ஒருவர் செத்தால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அவர் பெயரை வைப்போம். அவருக்கு இருந்த அதிர்ஷ்டம், அவருடைய தெம்பு, கடலில் அவரைக் காத்த ஏதோ ஒன்று, எல்லாம் பெயரோடு பிள்ளைக்குள் இறங்கும். ஆனால் பழைய காம்பு முறியாமல் இருக்கும்போது அதே இரும்பில் இன்னொரு காம்பு எப்படி ஏறும்? அதனால்தான் உயிரோடு இருப்பவர் பெயரை அந்த வீட்டுப் பிள்ளைக்கு வைப்பதில்லை. வைத்தால் இருவரில் ஒருவர் வெறுங்காம்பாக நிற்க வேண்டிவரும்.

கருங்கரைப் பண்ணையில் அப்படி ஆகிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

அந்தப் பண்ணை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. மூத்தவன் ஸ்கெக்கி நிலத்தோடு கிடப்பவன். வைக்கோல், ஆடு, கூரைப் புல், இவற்றுக்கு அப்பால் அவன் கண் போகாது. இளையவன் வெர்முண்டுக்குக் கடல்தான் எல்லாம். ஒரு கோடையில் வீட்டில் நெய்த கம்பளித் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு நார்வே போகும் கப்பலில் ஏறினான். மாவும் நல்ல மரமும் வாங்கி வருவதாகப் பேச்சு.

திரும்பும் வழியில் குடிநீருக்காகக் கப்பல் ஃபாரோ தீவில் நின்றது. தண்ணீர்ப் பீப்பாயைப் பலகை வழியாக மேலே உருட்டும்போது கயிறு நழுவியது. பீப்பாய் இறங்கி வந்து வெர்முண்டின் காலை முழங்காலுக்குக் கீழே நொறுக்கியது. காலை இழுத்துக் கட்டுவதில் இருந்த பரபரப்பில் அவனுடைய பெட்டியைக் கரையில் இறக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கப்பல்காரனும் காத்திருக்க முடியாது. இலையுதிர்காலத்தில் மேற்கே அடிக்கும் நல்ல காற்று ஒருமுறை நின்றால் பிறகு வசந்தம்வரை கிடையாது. அவனைத் தீவுக்காரர் ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுப் பாய் விரித்தார்கள்.

அந்தக் கப்பல் எங்கள் குடா வாயில் உள்ள பாறைகளில் மோதி உடைந்தது. கரைக்கு வந்தவற்றில் பலகைகள் இருந்தன, முகம் அழிந்த சில உடல்கள் இருந்தன, வெர்முண்டின் பெட்டியுடைய மூடியும் இருந்தது. மூடியில் அவன் கையால் செதுக்கிய அடையாளம்.

ஸ்கெக்கி அவசரப்படவில்லை, அதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அடுத்த கோடைக் கப்பல்கள் வரும்வரை காத்திருந்தான். வந்தவற்றில் ஒன்றுகூட ஃபாரோ வழியாக வரவில்லை, ஒருவரிடமும் சேதி இல்லை. பிறகுதான் சாவு விருந்து வைத்தான். அந்த விருந்தில் வாரிசு செத்தவரின் இருக்கைக்குக் கீழே படியில் உட்கார வேண்டும். நினைவுக் கோப்பை வந்ததும் எழுந்து குடித்து முடித்து, அந்த இருக்கையில் ஏறி அமர வேண்டும். அதுவரை செத்தவர் பாதிதான் செத்தவர். கோப்பை காலியானதும் முழுதாகச் செத்தவர். ஸ்கெக்கி அழுதுகொண்டே குடித்தான், தம்பியின் இருக்கையில் ஏறினான்.

அப்போது அவன் மனைவி யோரூன் கர்ப்பமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு குழந்தைகளை அவர்கள் பறிகொடுத்திருந்தார்கள். மூத்தது ஆண், யோரூனின் செத்துப்போன அப்பா பெயரான இங்கியால்டை வைத்தார்கள், ஒரு பனிக்காலம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது பெண், தண்ணீர் தெளித்துப் பெயர் வைக்கும்வரைகூட இருக்கவில்லை. மூன்றாவதும் நீலம் பாரித்துப் பிறந்தது, மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஸ்கெக்கி தரையிலிருந்து அதை எடுத்து மடியில் வைத்தான், தண்ணீர் தெளித்தான், "வெர்முண்ட்" என்றான். குழந்தை வீறிட்டு அழுதது.

அதன்பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் கிடையாது, ஓர் இருமல் கிடையாது. முதல் பல் முளைத்தபோது பல் சீராகச் செத்த வெர்முண்டின் ஆடுகளையே அவனுக்கு எழுதாமல் எழுதிக் கொடுத்தார்கள். வலக்காது நுனி வெட்டு, இடக்காதில் பின்பக்கம் ஒரு கீறல் என்று அந்த ஆடுகளுக்கு இருந்த அடையாளக் காதுக்குறியும் பையனுடையதாயிற்று. தண்ணீருக்குள் போன கொழுந்தன்தான் அவள் மகனுக்கு உயிரை அனுப்பிவைத்தான் என்று யோரூன் நம்பினாள். கடல் பக்கம் போனால் ஒரு கரண்டி தயிர்க்கட்டியைப் பாறை மேல் வைத்துவிட்டு வருவாள்.

பிள்ளைக்கு நாலு வயது நடந்தபோது வெர்முண்ட் வந்தான்.

யோரூன் ஆட்டுப் பட்டியில் பால் கறந்துகொண்டிருந்தாள். பண்ணையாள் பெர்ஸி ஆடுகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மேட்டிலிருந்து ஓர் ஆள் காலை இழுத்து இழுத்து இறங்கி வந்தான். யோரூன் நிமிர்ந்து பார்த்தாள். நடை யாருடையது என்று தெரியவில்லை. தோள் தெரிந்தது.

"யாரும்மா அது?" என்றான் பெர்ஸி.

"நம்ம வீட்ல செத்தவரு," என்றாள் அவள்.

வந்தவன் பட்டிச் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான். அவர்கள் முகத்தைப் பார்த்து அவனுக்கே விஷயம் புரிந்துவிட்டது. "நான்தான் அண்ணி. பயப்படாதீங்க. கப்பல் உடைஞ்சது இங்க வந்து எறங்கினப்புறம்தான் எனக்கே தெரியும். பசி உயிர் போகுது. செத்தவனுக்கு இப்படியா பசிக்கும்?"

"செத்தவங்களுக்குத்தான் பசி ஜாஸ்தி," என்றான் பெர்ஸி. "அடுத்த பள்ளத்தாக்குல ஒருத்தன் செத்த பெறகு ஒரு மாட்டையே தின்னு தீர்த்தானாம்."

"பெர்ஸி, நீ இன்னும் மாறவே இல்ல."

"நான் எங்கயும் போகலையே, மாறறதுக்கு."

யோரூன் கையை நீட்டி வெர்முண்டின் மணிக்கட்டைப் பிடித்தாள். "சூடா இருக்கு," என்றாள். அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா வேறு எதுவோவா என்று பெர்ஸிக்குப் பிறகும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டு வாசலை நெருங்கும்போது உள்ளேயிருந்து ஒரு பையன் பாய்ந்து வெளியே ஓடி வந்தான். "வெர்முண்ட், விழுந்துடப்போற, மெதுவா," என்றாள் யோரூன்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு வேகமா வேற போவேனா அண்ணி?" என்று சிரித்தான் வெர்முண்ட். அப்புறம்தான் பையன் நின்று தன் அம்மாவைப் பார்ப்பதைக் கவனித்தான். பையனைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான்.

"பேர் வெச்சுட்டீங்களா?"

"நீங்க இல்லன்னு நெனச்சோம்."

"ம்," என்றான் அவன். "சரிதான்."

ஸ்கெக்கி வயலிலிருந்து ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை. "தம்பி, தம்பி," என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். வெர்முண்டுக்கு அது விநோதமாகப் பட்டது. சின்ன வயதிலிருந்து அண்ணன் அவனை "டேய்" என்பான், இல்லாவிட்டால் பெயரைச் சொல்லுவான். "தம்பி" என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

சொத்து விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செத்ததாக நினைத்தவன் உயிரோடு வந்தால் அவனுடையது அவனுக்கு என்பது சட்டம், ஸ்கெக்கி அதைக் கேட்குமுன் சொல்லிவிட்டான். நிலத்தில் பாதி, படகில் பாதி, அவனுடைய இருக்கை. ஆடுகளையும் திருப்பித் தருவதாகச் சொன்னான். "பல் சீரைப் பிடுங்கறதா? அது பையனோட கெடக்கட்டும்," என்றான் வெர்முண்ட். எல்லாம் கிடைத்தது. பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அது தானாக நடந்தது. அண்ணனுக்கு அவன் "தம்பி." யோரூனுக்கும் "தம்பி," அல்லது "இந்தாங்க." பையனுக்கு "சித்தப்பா." பெர்ஸிக்கு "ஃபாரோக்காரன்." பக்கத்துப் பண்ணைக்காரர்கள் "ஸ்கெக்கி தம்பி" என்றார்கள், "கால் எப்படி இருக்குப்பா" என்றார்கள். சமையல் தீக்குப் பக்கத்தில் "வெர்முண்ட்" என்று குரல் கேட்கும், அவன் தலை தூக்குவான், பையன் கரண்டியோடு ஓடுவான். வேலி ஓரத்தில் கேட்கும், அவன் திரும்புவான். ஒவ்வொரு தடவையும் யோரூன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வாள். வைக்கோல் அறுப்பு தொடங்குவதற்குள் அவன் திரும்பாமல் இருக்கப் பழகிவிட்டான். அது சுலபமில்லை. பெயர் கேட்டால் கழுத்து யாரையும் கேட்காமல் தானே திரும்பும். அதைப் பிடித்து நிறுத்தப் பல்லைக் கடிக்க வேண்டும்.

ஃபாரோவில் அவனை எல்லோரும் வெர்முண்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே கால் கூடியதும் மீன் காயவைக்கும் வேலை கிடைத்தது, ஒரு விதவை அவனைத் தங்கிவிடச் சொன்னாள், நல்லவள். கருங்கரை வாசலிலிருந்து சாப்பாட்டுக்குத் தன்னைக் கூப்பிடும் குரல் காதில் இருந்ததால் அவன் தங்கவில்லை. இந்தப் பக்கம் வரும் கப்பல் ஒன்று கிடைக்கத்தான் இத்தனை வருடம் ஆயிற்று.

ஒருநாள் காயவைத்து அடுப்பில் எரிக்கும் சதுப்பு மண்ணை வெட்டும்போது அண்ணனிடம் கேட்டான். "ஒரு தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேன்."

ஸ்கெக்கி மண்வெட்டியை நட்டுவிட்டு நின்றான். அவனுக்கு முகம் சிவந்தது. "வாய்ல வரமாட்டேங்குதுடா. சொல்லப் போனா பையன் மூஞ்சிதான் வருது. அவன் பொறந்தப்ப நீ பாக்கல. மூச்சே இல்ல."

"சொன்னா என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணு ஆயிட்டா?"

ஆகிவிட்டது. அதற்கும் ஸ்கெக்கி வாய் திறந்ததற்கும் சம்பந்தமில்லை, அவன் திறக்கவே இல்லை. வைக்கோலை உள்ளே ஏற்றி முடித்த சமயம் பையனுக்கு இருமல் வந்தது. பிறகு சூடு. கொழுப்பைக் காய்ச்சி மார்பில் தடவினார்கள், பாசிக் கஞ்சி கொடுத்தார்கள். இருமல் கீழே இறங்கி மார்பில் உட்கார்ந்துகொண்டது. பிறந்ததிலிருந்து ஒருநாள் படுக்காத பிள்ளை.

யோரூன் படகுக் கொட்டகைக்கு வந்தாள். பட்டப்பகல். வெர்முண்ட் படகைக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்குகளில் கீல் தோய்த்த கம்பளி நூலை உளியால் குத்திச் செருகிக்கொண்டிருந்தான். அவள் கவிழ்ந்த படகின் மறுபக்கம் நின்றாள்.

"தம்பி, நான் சுத்தி வளைக்கல. நேரா கேட்டுடறேன்."

"கேளுங்க."

"பையனுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு உங்களுக்கும் தெரியும்."

"மழைல நனைஞ்சான் அண்ணி. நானும்தான் நனைஞ்சேன்."

"முன்னயும்தான் நனைஞ்சான். அப்பல்லாம் ஒண்ணும் ஆகல. அப்ப நீங்க கடல்ல இருந்தீங்க."

அவன் உளியைக் கீழே வைத்தான். "கடல்ல நான் இல்லயே. ஃபாரோவுல மீன் காயப்போட்டுட்டு இருந்தேன். அப்பவும் உயிரோடதான் இருந்தேன், அவனும் நல்லாத்தான் இருந்தான்."

"அப்ப நாங்க சாவு விருந்து வெச்சு அனுப்பியிருந்தோம். பேரு இங்க வந்துடுச்சு. இப்ப அதுக்கு ரெண்டு பக்கமும் ஆள் நின்னு இழுக்குது."

"நான் இழுக்கல."

"நீங்க இழுக்க வேணாம். இருந்தாலே போதும்."

வெர்முண்ட் ஒரு நூலை எடுத்து முறுக்கினான். பிறகு சொன்னான், "பையனுக்கு வேற பேர் வைங்க."

"தண்ணி தெளிச்சு வெச்ச பேரைக் கழட்டினா அடுத்த பேர் ஏறுற வரைக்கும் அவன் யாரு? நல்லா இருக்கற புள்ளைக்கே யாரும் செய்ய மாட்டாங்க. கெடக்கற புள்ளைக்கா செய்வேன்?"

"அப்ப நான் போயிடறேன். ஃபாரோவுக்கே."

"போனாலும் இருப்பீங்கல்ல."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நான் செத்தாத்தான் சரியா வரும்ங்கறீங்களா?"

யோரூன் கண்ணைத் தாழ்த்தவில்லை. "சொல்லல. ஆனா ஒருநாள் நெனச்சேன். உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்." அவள் படகின் அடிமரத்தில் கை வைத்தாள். "அப்படி நெனச்ச பெறகுதான் இதை யோசிச்சேன். நான் உங்களுக்குப் பேர் தர்றேன். பேர்க்கட்டோட."

பேர்க்கட்டு என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, ஆனால் அது எவ்வளவு கெட்டியானது என்று பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒருவருக்குப் பெயர் கொடுப்பவர் கூடவே ஒரு பொருளும் கொடுக்க வேண்டும். பட்டப்பெயர் என்றாலும் அப்படித்தான். திமிங்கல ஹாலுக்கு அந்தப் பெயரை வைத்தவன் ஒரு நல்ல கத்தியைப் பறிகொடுத்தான், ஏனென்றால் ஹால் எல்லோர் முன்னாலும் கையை நீட்டி, "சரி, எனக்குப் பிடிச்சிருக்கு, கட்டு எங்க?" என்று கேட்டுவிட்டான். பொருள் கைமாறாவிட்டால் பெயர் ஒட்டாது, பனியில் எழுதின மாதிரிப் போய்விடும். கைமாறினால் ஒட்டிக்கொள்ளும். வாங்கிக்கொண்டவர் பிறகு மறுக்க முடியாது. ஆகவே தருவது ஒருவர் கையில் இருக்கிறது, ஒட்டுவதும் ஒட்டாததும் வாங்குபவர் கையில் இருக்கிறது. வளர்ந்த மனிதன் இருக்கும் பெயருக்கு மேல் இன்னொன்றை வாங்குவது வழக்கம். இருப்பதை விட்டுவிட்டு வாங்குவதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. செய்யக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை.

"என்ன பேரு?" என்றான் வெர்முண்ட்.

"இங்கியால்ட்."

அது யாருடைய பெயர் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சின்னக் குழந்தையைப் புதைத்த இடத்தில் கல் அடுக்க அவனும் கல் தூக்கியிருந்தான்.

"எங்கப்பா பல்லு கொட்டற வரைக்கும் வாழ்ந்தாரு," என்றாள் யோரூன். "அவர்கிட்ட அந்தப் பேர் நல்லா இருந்துச்சு. புள்ளகிட்ட நிக்கல. அதுல இனிமே எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. நல்ல பேரு, அதிர்ஷ்டப் பேருன்னு சொல்லி உங்க தலையில கட்ட மாட்டேன். என்கிட்ட வேற பேர் இல்ல. அவ்வளவுதான்."

"யோசிக்கணும்."

"யோசிங்க," என்றாள். "ரொம்ப நாள் யோசிக்க முடியாது." அவள் திரும்பி மேட்டில் ஏறிப் போனாள்.

அவன் கரையோரமாக நடந்தான். தண்ணீர் வற்றியிருந்தது, பாறைகளில் கடல்நாய்கள் கிடந்தன. தன் பெயரைச் சத்தமாகச் சொன்னான். ஒரு கடல்நாய் தலை தூக்கிப் பார்த்துவிட்டுப் பழையபடி படுத்துக்கொண்டது. மறுபடி சொன்னான். ஒருவர் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வதில் ஒரு குறை இருக்கிறது. எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் அது கூப்பிடுவது ஆகாது. வேறு வாய் வேண்டும். அந்த வாய்க்காகத்தான் அவன் கடல் தாண்டி வந்திருந்தான். விட்டுக் கொடுத்தால், தான் யாராக வீடு திரும்பினோமோ அந்த ஆள் திரும்பவே இல்லை என்று ஆகும். பெட்டி மூடி கரை ஒதுங்கியபோது எல்லோரும் நினைத்தது சரிதான் என்று ஆகும்.

வீட்டுக்குப் போனான். முடிவு எதுவும் எடுக்கவில்லை, குளிர் எடுத்தது, அவ்வளவுதான்.

நீள் கூடத்தில் சுவரோரப் படுக்கையில் பையன் கிடந்தான். கண் பாதி திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது. யோரூன் பக்கத்தில் முழங்காலிட்டு அவன் கையைப் பிடித்திருந்தாள். நோயாளி நழுவிப் போகாமல் இருக்க விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பெண்களின் வழக்கம். கயிறு பிடித்த மாதிரி. "வெர்முண்ட்," என்றாள். "வெர்முண்ட். என் தங்கமே, வெர்முண்ட். இங்க பாரு. அம்மா இருக்கேன். வெர்முண்ட்."

அவன் வாசலில் நின்று கேட்டான். அப்பாவும் அம்மாவும் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், கப்பலில் கயிறு இழுக்கும்போது தோழர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், ஃபாரோவில் அந்த விதவை மெதுவாகக் கூப்பிட்டிருக்கிறாள். இந்த மாதிரி யாரும் கூப்பிட்டதில்லை. அந்தக் குரல் அவனைத் தாண்டிப் போய்ப் பையன் மேல் விழுந்தது, பையனின் கண் அசைந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று தான் கரையில் நின்று யோசித்த பொருள் எப்போதோ கைமாறிவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

"அண்ணி," என்றான். "கட்டு என்ன தருவீங்க?"

அவள் எழுந்துகொண்டாள். முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

மறுநாள் காலையில் சாட்சிக்குப் பக்கத்துப் பண்ணையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள், வழுக்கை ஹாலும் அவன் மச்சானும். பண்ணையாட்கள் நின்றார்கள். ஸ்கெக்கி தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"ஐயா, இவனை மடியில தூக்கி வெச்சுத் தண்ணி தெளிக்கணுமா?" என்று கேட்டான் பெர்ஸி. "அப்படின்னா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு முதுகு சரியில்ல."

வெர்முண்ட் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

யோரூன் ஒரு மேலங்கியைக் கொண்டுவந்தாள். சாம்பல் நிறம், கழுத்தோரம் நீலப் பட்டை, அவள் புருஷனுக்காக நெய்துகொண்டிருந்தது, ஓரம் இன்னும் முடியவில்லை. இரண்டு கையாலும் நீட்டினாள். பெயரைச் சொல்ல வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. கல் அடுக்கிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாய் சொன்னதில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் அவசரப்படுத்தவில்லை. கை நீட்டியபடியே நின்றான்.

"இங்கியால்ட்," என்றாள் அவள். "இந்தப் பேரை உனக்குத் தர்றேன். இது அதோட கட்டு."

எப்போதும் "நீங்க" என்றவள் அப்போது "உனக்கு" என்றாள். அது தெரிந்து சொன்னதில்லை.

"வாங்கிக்கிட்டேன்," என்று அவன் அங்கியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "இருந்ததை விட்டுட்டேன். நீங்க எல்லாரும் கேட்டீங்க."

"கேட்டோம்," என்றான் வழுக்கை ஹால்.

பையன் பிழைத்துக்கொண்டான். ஒரேயடியாக இல்லை, மெதுவாக. முதலில் சூடு இறங்கியது, பிறகு கஞ்சி கேட்டான், பிறகு கஞ்சி வேண்டாம், மீன் வேண்டும், வெண்ணெய் வைத்து வேண்டும் என்று அழுதான். பேர்க்கட்டின் பலன் என்று யோரூன் சொன்னாள். பாசிக் கஞ்சியின் பலன் என்று பெர்ஸி சொன்னான். எது என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் கொடுத்திருந்தார்கள்.

ஸ்கெக்கிக்கு வாய் திறந்துகொண்டது. "இங்கியால்ட், அந்த மீனை இந்தப் பக்கம் தள்ளு" என்று சாப்பாட்டில் சொன்னான், நாலைந்து பேர் நடுவில், தயக்கமில்லாமல். ஊரும் பழகிக்கொண்டது. பெயர் மாற்றத்துக்கு ஊர் சீக்கிரம் பழகிவிடும், பெயருக்குரியவருக்குத்தான் நாளாகும். குடா முழுக்கத் தேடினாலும் இங்கியால்ட் என்று வேறு யாரும் இல்லை. அதனால் அவனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்துப் பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரே ஒருவன்.

சபையில் அவனை யாராவது கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவான். காது மந்தம் போலிருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அவன் மறுக்கவில்லை.

முதல் பனி விழுந்த பிறகு ஒரு முற்பகலில் அவன் கூடத்தில் உட்கார்ந்து கம்பளியைச் சீவிக்கொண்டிருந்தான். புகைப்பொத்தல் வழியாக வெள்ளை வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. பையன் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பெயரைப் பெற்ற பிள்ளைக்கு அந்தப் பெயரில் முன்னால் இருந்தவரின் கதையைச் சொல்ல வேண்டும். யாருடைய அதிர்ஷ்டம் தன்னிடம் இருக்கிறது என்று தெரியாத பிள்ளைக்கு அதைப் பயன்படுத்தத் தெரியாது. அந்த வேலை ஸ்கெக்கியுடையது. முன்பெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். கோடைக்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை, பையன் கேட்டால் ஆட்டைப் பார்க்கப் போய்விடுவான்.

"இங்கியால்ட் சித்தப்பா, உங்களுக்குப் பெரிய வெர்முண்டைத் தெரியுமா?"

சீப்பு நின்றது. "தெரியும்."

"எப்படி இருப்பாரு?"

"சுமாரா இருப்பான். முன்கோவம். அவங்கப்பா ஒருதடவை தாழ்ப்பாள் போட்டு வெளிய நிறுத்தினாரு. கூரை மேல ஏறிப் புகைப்பொத்தலைப் புல்லால அடைச்சுட்டான். வீட்ல இருந்தவங்க அத்தனை பேரும் இருமிக்கிட்டே வெளிய வந்தாங்க."

பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு நாள் கன்னம் வீங்கி இருந்துச்சு. அடி."

"நீஞ்சுவாரா?"

"கடல்நாய் மாதிரி."

"அப்ப எப்படி முழுகினாரு?"

இங்கியால்ட் கம்பளியில் சிக்கிய ஒரு முள்ளை எடுத்தான். அந்தக் கப்பலில் ஒவ்வொரு பலகையும் அவனுக்குத் தெரியும். பாய்க் கயிற்றில் எங்கே முடிச்சு இளகும் என்று தெரியும். அதில் போன ஒவ்வொருவரின் சிரிப்பும் தெரியும். அவர்கள் பாறையில் மோதிய நேரத்தில் தான் ஃபாரோவில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக் கூழ் குடித்துக்கொண்டிருந்திருப்போம் என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான்.

"குடா வாயில பாறை இருக்குல்ல. அங்க மோதிடுச்சு. அலை பெருசு. தண்ணி ரொம்பக் குளிர். குளிர்ல கை வெரைச்சுப்போச்சுன்னா நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல."

"பயந்தாரா?"

"கொஞ்சம்."

"அழுதாரா?"

"இல்ல. நேரம் இல்ல."

பையன் யோசித்தான். அவனுக்கு இன்னும் ஒன்று கேட்க இருந்தது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கம்பளித் துணுக்கு ஒன்றை எடுத்து விரலில் சுற்றினான்.

"தனியாவா செத்தாரு?"

"இல்ல," என்றான் இங்கியால்ட். "கப்பல்ல எல்லாரும் இருந்தாங்க. பக்கத்துல பக்கத்துல."

பையனுக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து சமையல் பக்கம் ஓடினான். இங்கியால்ட் சீப்பை எடுத்து மறுபடி சீவத் தொடங்கினான். பலகைத் தடுப்புக்கு அப்பால் பையன் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பெரிய வெர்முண்ட் தனியாகச் சாகவில்லையாம்.